பெஞ்சமின் பிராங்க்ளினின் நித்திய நியமம்

தேச காரியங்களில் இறங்கியவர்களை எளிதில் பற்றிக்கொள்ளும் மனோவியாதி ஒன்று உண்டு. மகத்தான நாள் ஒன்று வரப்போகிறது, அந்நாளில் நாமும் மகத்தான காரியம் ஒன்றைச் செய்யப்போகிறோம் என்ற எண்ணத்தில் மூழ்கி, இன்று விடிந்த சாதாரண நாளை அவர்கள் துச்சமாக மதித்துவிடுகிறார்கள். வேளைக்கு உண்பதும், கணக்கெழுதுவதும், வந்த கடிதத்துக்குப் பதில் போடுவதும் அவர்களுக்கு அற்ப காரியங்களாகத் தோன்றுகின்றன. கூட்டத்தின் ஆரவாரத்தில் ஏறிய உற்சாகம் கூட்டம் கலைந்ததும் இறங்கிவிடுகிறது. மறுநாட் காலையில் மனம் வெறிச்சென்று கிடக்கிறது. இவ்வியாதிக்கு மருந்து தேடுவோர் பெஞ்சமின் பிராங்க்ளினின் சரித்திரத்தைப் படிப்பது நலம். 1776-ம் வருஷத்திய அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களில் அவர் ஒருவர். மின்னலின் இயல்பை ஆராய்ந்து இடிதாங்கியை உலகுக்கு அளித்த விஞ்ஞானி. பிரான்ஸ் தேசத்தின் உதவியைத் தம் நாட்டுக்குத் தேடித் தந்த ராஜதந்திரி. இத்தனை பெருமைகளுக்கும் உரிய அவர், மனித சந்தோஷம் எங்கே இருக்கிறதென்று ஆராய்ந்தபோது, அதைப் பிரகடனத்திலும் உடன்படிக்கையிலும் காணவில்லை. அன்றாடம் செய்யும் சின்னஞ்சிறு காரியங்களிலேயே கண்டார்.

பிராங்க்ளின் 1706-ம் வருஷம் ஜனவரி மாதம் 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் ஜோஸையா, கொழுப்பிலிருந்து மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றுப் பிழைத்தவர். அவருக்குப் பிறந்த பதினேழு குழந்தைகளில் பெஞ்சமின் பதினைந்தாவது குழந்தை. பள்ளிக்கூடத்தில் படித்தது இரண்டு வருஷத்துக்கும் குறைவே. பத்தாவது வயதில் தகப்பனாரின் தொழிலில் சேர்ந்து, வர்த்திக்குத் திரி நறுக்கவும், அச்சுக்களில் கொழுப்பை ஊற்றவும் தொடங்கினார். அந்த வேலை பிடிக்கவில்லை. பன்னிரண்டாவது வயதில், தமையனார் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகுபவராக எழுதிக் கொடுக்கப்பட்டார். இருபத்தொரு வயது வரையில் அங்கே உழைக்க வேண்டுமென்பது ஒப்பந்தம்.

அடிமைத்தனம் போன்ற இந்த வாழ்க்கையில் ஒரு நாளைத் தம்முடைய நாளாக ஆக்கிக்கொள்ளும் வித்தையை அந்தச் சிறுவர் தாமே கண்டுபிடித்தார். பதினாறாவது வயதில், மாமிசத்தை விலக்கவேண்டுமென்று வாதிக்கும் ஒரு புஸ்தகம் அவருக்குக் கிடைத்தது. உடனே அவர் தமையனாரிடம் சென்று, தம் சாப்பாட்டுக்காகக் கொடுத்துவரும் தொகையில் பாதியைத் தம் கையிலேயே கொடுத்துவிட்டால், தாமே ஆகாரம் தயாரித்துக்கொள்வதாகக் கூறினார். தமையனார் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். அந்தப் பாதியிலும் பாதியை மிச்சம் பிடித்துப் புஸ்தகங்கள் வாங்கினார் தம்பி. மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்காக வெளியே போயிருக்கும் நேரத்தில், அச்சுக்கூடத்தில் தனியே அமர்ந்து, ஒரு துண்டு ரொட்டியும், ஒரு பிடி உலர்ந்த திராட்சையும், ஒரு தம்ளர் ஜலமும் அருந்திவிட்டு, மீதி நேரம் முழுவதும் படித்தார். பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை தவறிப்போன கணக்கை அந்த ஓய்வு நேரத்தில்தான் தாமே கற்றுத் தேர்ந்தார். பசியை அடக்கிய தவம் என்று அவர் இதைச் சொல்லிக்கொள்ளவில்லை. வயிறு லேசாயிருந்தால் புத்தி தெளிவாயிருக்கிறதென்று கண்டு ஆனந்தப்பட்டார், அவ்வளவே.

வசன நடை பயின்ற விதமும் இத்தகையதே. லண்டனில் வெளிவந்த ‘ஸ்பெக்டேடர்’ பத்திரிகையின் ஒரு தொகுதி அவருக்கு அகப்பட்டது. அதிலுள்ள கட்டுரை ஒன்றைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதி வைப்பார். சில நாட்கள் சென்றபின், மூலத்தைப் பாராமல், குறிப்புக்களிலிருந்து கட்டுரையை மீண்டும் தம் சொற்களால் எழுதுவார். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்துவார். வேலைக்குப் பின் இரவிலும், வேலைக்கு முன் காலையிலும் இந்த அப்பியாசம் நடந்தது. பிற்காலத்தில் சாம்ராஜ்யத்தின் மந்திரிகளையும் கலங்கச் செய்த பேனா இவ்வாறுதான் கூர் தீட்டப்பட்டது.

1722-ல் சர்க்கார் ஜேம்ஸைச் சிறையிலிட்டபோது, பதினாறு வயதுத் தம்பியே பத்திரிகையை நடத்தினார். ஆயினும் தமையனாரின் அடியும் அதட்டலும் பொறுக்க முடியாமல், 1723-ல் பாஸ்டனை விட்டு ஓடிப் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார். அழுக்கு உடையுடன், இரண்டு கக்கத்திலும் இரண்டு பெரிய ரொட்டிகளை இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைக் கடித்துத் தின்றவண்ணம் அவர் வீதியில் நடந்ததைத் தம் வீட்டு வாசலில் நின்று ஒரு பெண் பார்த்து நகைத்தாள். டெபோரா ரீட் என்ற அப்பெண்தான் பின்னர் அவருக்கு மனைவியானாள்.

அடுத்த வருஷம் லண்டனுக்குச் சென்ற பிராங்க்ளின், அங்கே அச்சுக்கூடங்களில் கூலிக்கு வேலை செய்தார். உடன் உழைத்தவர்கள் விடிந்ததுமுதல் வேலை முடியும்வரை பீர் குடித்துக்கொண்டேயிருந்தார்கள். கடினமான வேலைக்குப் பலம் வேண்டுமென்பது அவர்கள் கட்சி. பிராங்க்ளின் ஜலமே குடித்தார். அவர்கள் ஈய எழுத்துக்கள் பூட்டிய பாரம் ஒன்றை இரண்டு கைகளாலும் தூக்கி மாடிப்படி ஏற, இவர் கைக்கு ஒன்றாக இரண்டு பாரங்களைத் தூக்கிக்கொண்டு ஏறினார். சனிக்கிழமை தோறும் அவர்கள் கூலியில் பெரும் பங்கு சாராயக் கடைக்குப் போயிற்று; இவர் கூலி இவரிடமே தங்கியது.

1726-ல் பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். மறு வருஷம், தொழிலாளிகளும் குமாஸ்தாக்களுமான சில நண்பர்களைச் சேர்த்து ‘ஜுண்டோ’ என்ற சங்கத்தை அமைத்தார். வெள்ளிக்கிழமை இரவுதோறும் அவர்கள் கூடி விவாதித்தார்கள். அங்கே பேசிய பேச்சுக்களிலிருந்துதான், 1731-ல் சந்தா செலுத்துவோரின் புஸ்தகசாலையும், 1736-ல் தீயணைக்கும் சங்கமும் தோன்றின.

சொந்த அச்சுக்கூடம் வைத்தபின் அவர் உழைத்த உழைப்பை ஒரு நிகழ்ச்சியால் அறியலாம். நாளொன்றுக்கு ஒரு முழுத்தாளுக்குரிய பக்கங்களை அச்சுக் கோப்பதென்று அவர் தமக்குத் தாமே விதித்திருந்தார். ஒரு நாள் இரவு, வேலை முடிந்ததென்று எண்ணியிருந்த தருணத்தில், பாரம் ஒன்று உடைந்து, இரண்டு பக்கத்து எழுத்துக்கள் குப்பையாகச் சிதறின. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் படுக்கப் போகவில்லை. அவ்வளவையும் பிரித்துப் போட்டு, மீண்டும் கோத்து முடித்தபின்னரே படுத்தார். விளக்கெரிவதைக் கண்ட அயலார், இந்த வாலிபர் உருப்படுவார் என்று பேசிக்கொண்டார்கள். கடைகளில் வாங்கிய காகிதத்தை அவரே ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றி வீதி வழியாகத் தள்ளி வந்ததும் உண்டு. உழைப்பாளியாக இருந்தால் மட்டும் போதாது, அவ்வாறு காணப்படவும் வேண்டும் என்ற வியாபார தந்திரமும் அதில் இருந்ததை அவர் ஒளிக்கவில்லை.

ஏறக்குறைய இக்காலத்தில்தான் குற்றமற்ற வாழ்க்கையை எய்திவிடவேண்டுமென்ற துணிச்சலான எண்ணம் அவருக்கு உதித்தது. மிதமான உணவு, மௌனம், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், சுறுசுறுப்பு, உண்மை, நீதி, மிதம், சுத்தம், அமைதி, கற்பு எனப் பன்னிரண்டு குணங்களை வரிசைப்படுத்தினார். நண்பர் ஒருவர், உமக்குக் கர்வம் அதிகமென்று ஊரார் நினைக்கிறார்கள் என்று நயமாகக் கூறவே, பணிவு என்பதைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்துக்கொண்டார். சிறிய புஸ்தகம் ஒன்றில் சிவப்பு மையால் கோடிட்டு, கிழமைக்கொன்றாக ஏழு பத்திகளும், குணத்துக்கொன்றாகப் பதின்மூன்று வரிகளும் வகுத்தார். இரவில் அன்றைய நடத்தையை எண்ணிப் பார்த்து, தவறியதற்கெல்லாம் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தார். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பிடிக்க முயலாமல், வாரத்துக்கு ஒரு குணத்தில் விசேஷ கவனம் செலுத்தினார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. வருஷத்துக்கு நான்கு சுற்று. தோட்டக்காரன் களை முழுவதையும் ஒரே நாளில் பிடுங்கப் புகாமல், பாத்தி பாத்தியாகப் பிடுங்குவதே போல் அவர் இதைச் செய்தார்.

ஒழுங்கு என்ற குணத்துக்காக இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் ஓர் அட்டவணை எழுதினார். காலை ஐந்து மணிக்கு எழுந்திருத்தல், ஸ்நானமும் பிரார்த்தனையும், அன்றைய காரியங்களைத் திட்டமிடுதல், படிப்பு, காலை ஆகாரம். எட்டு முதல் பன்னிரண்டு வரை தொழில். பிறகு இரண்டு மணி வரை படிப்பும், கணக்குப் பார்ப்பதும், மத்தியான போஜனமும். இரண்டு முதல் ஆறு வரை மீண்டும் தொழில். அதன்பின், எடுத்த பொருள்களை வைத்த இடத்தில் வைத்தல், இராப்போஜனம், சங்கீதம் அல்லது நண்பர்களோடு சம்பாஷணை, அன்றைய நாளைப் பற்றிய ஆராய்ச்சி. பத்து மணிக்குச் சயனம். இந்த அட்டவணையின் உயிர் மணிக்கணக்கில் இல்லை. காலையில் எழுந்ததும், இன்று யாது நன்மை செய்வேன் என்று தம்மையே வினவ வேண்டும்; இரவில், இன்று யாது நன்மை செய்தேன் என்று வினவ வேண்டும். இவ்விரண்டு கேள்விகளுக்கு நடுவில் அவர் தம் நாளைக் கட்டி வைத்தார். மாலையில் நான்கு மணி நேரத்தைச் சங்கீதத்துக்கும் சல்லாபத்துக்கும் மனப்பூர்வமாக ஒதுக்கியவரை வறண்ட கணக்குப்பிள்ளை என்று எவரும் கூற முடியாது.

இந்நியமத்தில் அவர் முழு வெற்றி பெற்றாரா என்றால், இல்லை. எதிர்பார்த்ததைவிடத் தம்மிடம் குற்றங்கள் மிகுதியாக இருப்பதைக் கண்டு திகைத்தார். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிப் புஸ்தகம் ஓட்டையாயிற்று; பின்னர் ஈரப் பஞ்சால் துடைக்கக்கூடிய தந்த ஏடுகளில் எழுதினார். ஒழுங்கு என்ற குணமோ கடைசிவரை அவருக்குக் கைவரவில்லை. காகிதங்கள் மேஜைமேல் சிதறிக் கிடந்தன. வருஷத்துக்கு நான்கு சுற்று ஒன்றாகக் குறைந்தது, பிறகு பல வருஷங்களுக்கு ஒன்றாயிற்று, முடிவில் நின்றேவிட்டது. ஆயினும் புஸ்தகம் மட்டும் அவரை விட்டுப் பிரியவில்லை. தம்முடைய எழுபத்தொன்பதாவது வயதில் இதைப்பற்றி எழுதும்போது, பூரணத்தை எட்டவில்லையாயினும், அதற்காக முயன்ற முயற்சியாலேயே தாம் முன்னைவிட நல்லவராகவும் சந்தோஷமுள்ளவராகவும் ஆனதாகக் கூறினார். குறைகளைக் கண்ட வருத்தத்தைவிட, புள்ளிகள் குறைந்து வருவதைக் கண்ட திருப்தியே அவருக்குப் பெரிதாயிருந்தது. நியமம் ஒன்றை மேற்கொண்டு, இரண்டாம் வாரத்தில் தவறியதும் வெட்கி அதை அடியோடு கைவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1748-ல், நாற்பத்திரண்டாவது வயதில், அவர் அச்சுத்தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பின் மின்சார ஆராய்ச்சி. 1752-ல் புகழ்பெற்ற பட்டம் விட்ட பரீட்சை. ஆனால் வானத்து மின்னலைப் பற்றியவரின் கண் வீதிப் புழுதியையும் மறக்கவில்லை. பிலடெல்பியாவின் தெருவிளக்குகளுக்கு லண்டனிலிருந்து உருண்டைக் கண்ணாடிக் கூண்டுகளைத் தருவித்திருந்தார்கள். அவை புகை பிடித்துச் சீக்கிரம் மங்கிவிட்டன. அடிபட்டால் முழுவதும் உடைந்தன. பிராங்க்ளின் நான்கு தட்டைக் கண்ணாடிகளைப் பொருத்தி, மேலே புகைபோக்கியும் கீழே காற்றுப் புகும் சந்துகளும் வைக்கும் முறையைக் கூறினார். விளக்கு விடியும்வரை பிரகாசித்தது; ஒரு கண்ணாடி உடைந்தாலும் அதை மட்டும் மாற்றினால் போதும். லண்டனில் அவர் வசித்தபோது, ஒரு நாட் காலையில் நோயால் மெலிந்த ஏழைப் பெண் ஒருத்தி அவர் வாசலைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தாள். தெரு முழுவதையும் பெருக்கினால் ஒரு ஷில்லிங் தருவதாகச் சொன்னார். ஒன்பது மணிக்குத் தொடங்கியவள் பன்னிரண்டு மணிக்கெல்லாம் முடித்துவிட்டு வந்தாள். பலவீனமான ஒருத்தியால் மூன்று மணியில் முடிந்த வேலையைப் பலசாலி எவ்வளவு விரைவில் முடிப்பான் என்று கணக்கிட்டு, நகரைச் சுத்தமாக வைப்பதற்கு அவர் ஒரு திட்டமே வகுத்தார்.

இவையெல்லாம் அற்ப விஷயங்களல்லவா என்று கேட்பார்க்கு அவர் தந்த விடையே அவர் வாழ்க்கையின் சாரம். மனிதனின் சுகம் எப்போதோ ஒரு தடவை வரும் பெரும் அதிர்ஷ்டத்தால் உண்டாவதில்லை. நாள்தோறும் நேரும் சிறு சௌகரியங்களாலேயே உண்டாகிறது என்பது அவர் கொள்கை. ஏழை வாலிபன் ஒருவனுக்கு ஆயிரம் கினி கொடுப்பதைவிட, அவன் தானே சவரம் செய்துகொள்ளவும், சவரக்கத்தியைச் சீராக வைத்துக்கொள்ளவும் கற்றுக் கொடுப்பது அவன் வாழ்நாளில் அதிக இன்பத்தைச் சேர்க்கும் என்றார். பணம் செலவாகிவிடும், வீணாகச் செலவழித்தோமே என்ற துக்கம் மிஞ்சும். சவரத்தின் சுகமோ தினமும் புதிதாக வரும். நாவிதருக்காகக் காத்திருக்கும் தொல்லையும் மழுங்கின கத்தியின் வேதனையும் இரா.

சின்ன நாட்களில் பழகியது பெரிய நாட்களில் பயன்பட்டது. 1766-ல் ஸ்டாம்புச் சட்டத்தைப் பற்றிப் பார்லிமெண்டின் காமன்ஸ் சபை அவரை விசாரித்தபோது, சரமாரியாக வந்த கேள்விகளுக்கு அவர் சளைக்காமல் பதிலளித்தார். அடுத்த மாதமே சட்டம் ரத்தாயிற்று. 1774 ஜனவரியில் பிரிவி கௌன்சிலின் முன் அவரை நிறுத்தி, வெட்டர்பர்ன் என்ற சர்க்கார் வக்கீல் வாய்க்கு வந்தபடி நிந்தித்தபோது, பிரபுக்கள் நகைக்க, அறுபத்தெட்டு வயதுக் கிழவர் முகத்தில் ஒரு சலனமுமின்றி மௌனமாக நின்றார். இளமையில் தம் புஸ்தகத்தில் இரண்டாம் வரியாக அவர் எழுதிவைத்த குணம் மௌனமே. 1776-ன் இறுதியில், எழுபது வயதில், பகைவர் கப்பல்கள் திரியும் சமுத்திரத்தைத் தாண்டி அவர் பிரான்ஸுக்குப் போனார். பிடிபட்டிருந்தால் ராஜத்துரோகக் குற்றம். அந்தப் பிரயாணத்திலும் கடல் நீரின் உஷ்ணத்தை நாள்தோறும் அளந்து குறித்துவந்தார். கல்ப் நீரோட்டத்தின் பாதையை அறிய அது உதவிற்று. 1778-ல் பிரான்ஸோடு நேச உடன்படிக்கையும், 1783-ல் பிரிட்டனோடு சமாதான உடன்படிக்கையும் அவர் கையொப்பத்துடன் நிறைவேறின.

நிற்க. மகான்களின் சரித்திரத்தை எழுதுவோர் புகழை மட்டும் எழுதினால் படிப்போருக்கு நன்மையில்லை. பிராங்க்ளின் தம்மைத் தாமே ஆராய்ந்த புஸ்தகத்தில் இடம் பெறாத புள்ளிகள் சில உண்டு. 1764-ல் மனைவியை விட்டு லண்டனுக்குப் புறப்பட்டவர், அவளை மறுபடி காணவேயில்லை. அச்சுக்கூடத்தில் காகிதம் மடித்துத் தைத்து, கடையைக் கவனித்து, அவருடைய முன்னேற்றத்துக்குப் பாதித் தோள் கொடுத்த டெபோரா, நோயுற்று, அவர் வரவை எதிர்பார்த்தே 1774 டிஸம்பரில் இறந்தாள். குமாரர் வில்லியம் மன்னர் கட்சியில் நின்றார் என்பதற்காகத் தகப்பனாரின் உள்ளம் இறுதிவரை இளகவில்லை. அன்றியும், சுதந்திரத்துக்காகப் போராடிய அவர் வீட்டிலேயே நீக்ரோ அடிமைகள் ஊழியம் செய்தார்கள். அவர் பத்திரிகையிலே அடிமை வியாபார விளம்பரங்கள் வெளியாயின. காலையில் யாது நன்மை செய்வேன் என்று அவர் வினவியபோது, தம் ஆகாரத்தைக் கொண்டுவந்து வைத்தவனின் நிலைமை அவர் சிந்தையில் நெடுங்காலம் தட்டவில்லை. பழக்கம் என்பது கண்ணைத் திறப்பதுபோலவே கண்ணை மூடவும் வல்லது. நாள்தோறும் காணும் அநீதி கண்ணுக்குத் தெரியாமற்போவதும் பழக்கத்தாலேயே.

ஆனால் கேள்வியைக் கேட்டுக்கொண்டேயிருப்பவனுக்கு ஒருநாள் விடை கிடைக்கிறது. 1785-ல் தாய்நாடு திரும்பிய கிழவர், 1787-ல் எண்பத்தோராவது வயதில் அரசியலமைப்பு மகாநாட்டில் பங்கெடுத்தார். அதே வருஷத்தில் பென்ஸில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைமையையும் ஏற்றார். அடிமைத்தனத்தை ஒழிக்கும்படி காங்கிரஸுக்கு அச்சங்கம் அனுப்பிய மனுவில் 1790 பிப்ரவரியில் கையொப்பமிட்டார். கல்லடைப்பு நோயின் வேதனை பொறுக்கமுடியாத காலம் அது. மனுவைக் காங்கிரஸ் ஏற்கவில்லை. ஆயினும் தம் வாழ்நாளில் வைக்கத் தவறிய கறுப்புப் புள்ளியை அந்தக் கையொப்பத்தால் அவர் வைத்துவிட்டார் என்றே நாம் கருதுகிறோம். அதற்கு இரண்டு மாதங்களுக்குப்பின், ஏப்ரல் 17-ந் தேதி, எண்பத்துநான்காவது வயதில் காலமானார். ஸ்தானாபதி, விஞ்ஞானி என்ற பட்டங்களைப் பெற்றிருந்தும், தம் மரண சாசனத்தில் பெயருக்கு அடுத்தாற்போல் முதலாவதாக அவர் எழுதிக்கொண்டது அச்சுத் தொழிலாளி என்பதே.

பொது ஊழியர்கள் இச்சரித்திரத்திலிருந்து கிரகிக்கவேண்டியது ஐந்து மணிக்கு எழுந்திருப்பதையன்று. அது அவரவர் தொழிலையும் தேகத்தையும் பொறுத்தது. சங்கத்தின் கணக்கை அன்றன்றே எழுதுவதும், படிப்பதற்கென்று ஒரு நாழிகையைக் காப்பதும், எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பதும், வீட்டாரோடு அமர்ந்து உண்பதும் தேச காரியத்துக்கு இடையூறல்ல. அவையே தேச காரியத்தின் அஸ்திவாரம். அவற்றைச் சுமையாக எண்ணிச் செய்பவன் சீக்கிரம் களைத்துவிடுவான். நோக்கம் அறிந்து செய்பவனுக்கோ அவற்றிலேயே இளைப்பாறுதலும் கிடைக்கும். பெரிய நாள் வரும்போது வரட்டும். நாளைக் காலை நிச்சயமாக வரப்போகிறது. எழுந்ததும், இன்று யாது நன்மை செய்வேன் என்று கேட்போம். அப்படிக் கேட்கும்போது, தூரத்திலுள்ள ஜனசமூகத்தோடு, நம் முன் உணவைக் கொண்டுவந்து வைக்கும் கையையும் ஒருகணம் நிமிர்ந்து பார்ப்போம்.